நிழலில் வண்டி, வெயிலில் தட்டு

வீடு என்பது ஓரிடத்தில் நிற்பது. மனிதர்தாம் அதிலிருந்து புறப்பட்டும் அதற்குத் திரும்பியும் அலைபவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் இவ்வாறே எண்ணியிருந்தோம். கொட்டாஞ்சேனையில் வாழும் எமது தமையனார், சென்ற ஆனி மாதத்தில் ஒருநாள், வெள்ளவத்தையில் நாம் குடியிருக்கும் தொடர்மாடியின் வாசலுக்கு ஒரு வீட்டையே ஓட்டிவந்து நிறுத்தியபோது அவ்வெண்ணத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியிறக்கி ஓய்ந்துபோன பழைய றோசா பேருந்து அது. வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தமையனார் அதனை வாங்கி, இருக்கைகளைக் கழற்றுவித்து, இரண்டு கட்டில்கள், ஒரு சிறிய அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, மலசலகூடம் ஆகியவற்றை அதனுள் அமைப்பித்திருந்தார். பஞ்சிகாவத்தையில் அவர் ஏறியிறங்காத உதிரிப்பாகக் கடை இல்லை எனலாம்.

இஃது உல்லாசத்துக்காகச் செய்யப்பட்டதன்று. எமது அன்னையாருக்கு வயது எழுபத்தொன்பது. முதுகெலும்புத் தேய்வினால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவரால் அமர்ந்திருக்க இயலாது. உரும்பிராயில் உள்ள தமது வீட்டையும் வளவையும் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய விருப்பம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணமோ ஏறக்குறைய 400 கிலோமீற்றர். படுத்தபடியே செல்வதற்கு நோயாளர் வண்டி ஒன்றை ஒழுங்கு செய்யலாமே என்று முன்னர் ஒருமுறை சொல்லிப் பார்த்தோம். “அதிலை நான் கடைசியாத்தான் ஏறுவன், இப்ப வேண்டாம்” என்று மறுத்துவிட்டார். அதன் பின்னரே தமையனாருக்கு இந்த ஊரும் வீட்டின் யோசனை உதித்தது.

அன்னையாரைக் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்து வண்டியைக் காட்டினோம். கட்டிலைத் தடவிப் பார்த்தார். அடுப்பைப் பார்த்துச் சிரித்தார். பின்னர் ஒரு கேள்வி கேட்டார்:

“எல்லாம் சரி தம்பி, இதுக்குள்ளை ராத்திரிச் செய்தி வருமோ?”

வராது என்றார் தமையனார். “அப்ப நீங்கள் போயிட்டு வாங்கோ” என்று சொல்லிவிட்டு அன்னையார் மின்தூக்கியை நோக்கித் திரும்பினார்.

இதனைக் கேட்கும் வாசகர்கள் நகைக்கக்கூடும். எமது பிள்ளைகளும் நகைத்தனர். இரவுச் செய்தி முடியும்வரை அப்பம்மாவுடன் ஒருவரும் கதைக்கக் கூடாது என்பது எமது வீட்டில் எழுதாத சட்டம். ஆனால் அச்சட்டம் எங்கே பிறந்தது என்பதைப் பிள்ளைகள் அறியார், நாம் அறிவோம்.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போயிற்று. பற்றறி கொண்டுவருவதற்கும் தடை வந்தது. அந்நாளில் எமது ஊரார் கண்ட உபாயம் சைக்கிள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லோடு சேர்த்து, அதன் கம்பிகளை வானொலியுடன் இணைத்துவிட்டு, மிதியைக் கையாற் சுழற்றுவது. சுழற்றினால் வானொலி பேசும். கை ஓய்ந்தால் குரலும் ஓயும். எமக்கு அப்போது வயது பத்து. எமது வீட்டில் மிதி சுழற்றும் பணி எமக்குரியதாயிற்று. இலண்டனிலிருந்து தமிழோசையும் பிலிப்பைன்ஸிலிருந்து வெரித்தாஸும் அந்த மிதியின் வேகத்துக்கேற்ப உயர்ந்தும் தாழ்ந்தும் எமது முற்றத்துக்கு வந்தன.

அன்னையார் அதன் பக்கத்திலே அமர்ந்திருப்பார். தமையனார் அப்போது கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கடிதம் வந்து சேர வாரங்கள் செல்லும். கொழும்பிலே குண்டு வெடித்ததா, சுற்றிவளைப்பு நடந்ததா, எந்தப் பகுதியில் நடந்தது என்பவற்றை அன்னையார் அறிவதற்கு அந்த வானொலி ஒன்றே வழி. கொட்டாஞ்சேனை என்ற சொல் செய்தியில் வந்தால் அவருடைய கை எமது தோளைப் பற்றும். நாம் இன்னும் வேகமாகச் சுழற்றுவோம். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் யாவரும் ஒருசேர இடம்பெயர்ந்தபோது அந்தச் சைக்கிளிலேதான் மூட்டைகளைக் கட்டி நடந்தோம். வானொலி மூட்டையின் நடுவில் இருந்தது.

பின்னர் கொழும்புக்கு வந்தோம். போரும் 2009 இல் முடிந்தது. ஆயினும் செய்தியைக் கேட்டு முடித்த பின்னரே உறங்கலாம் என்று அன்னையாரின் உடம்பு கற்றுக்கொண்ட பாடம் முடியவில்லை. ஆகவே, ஊரும் வண்டிக்குச் செய்மதித் தொலைக்காட்சி ஒன்று தேடும் வேலை எமது குடும்பத்தில் வேடிக்கைக்குரிய விடயமாக இருக்கவில்லை. அஃது இல்லையேல் பயணமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் தமையனார் வீட்டிலே ஆலோசனை கூடியது. சபையில் மூவர்: தமையனார், எமது தங்கையின் மகன், நாம்.

மருமகன் இளைஞன். “செய்மதியே வேண்டாம் மாமா. கைத்தொலைபேசியிலை எல்லாச் செய்தியும் வருது. அதைத் தொலைக்காட்சியோடை இணைத்து விட்டால் முடிஞ்சுது” என்றான். அவன் கூற்றில் நியாயம் உண்டு. நகரத்திலே தங்குவோருக்கு அதுவே செலவு குறைந்த வழியுமாகும். ஆனால் வன்னிப் பெருங்காட்டின் ஊடாகச் செல்லும் வீதியிலும் மலைநாட்டு மடிப்புகளிலும் தொலைபேசி அலை எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. மேலும், அவன் அதனை அன்னையாருக்கு ஏற்கெனவே ஒருநாள் காட்டியிருந்தான். படம் வருவதற்கு முன்னர் திரையிலே வட்டமொன்று சுழன்றுகொண்டிருந்தது. சிறிது நேரம் அதனைப் பார்த்திருந்த அன்னையார், “அந்த நாளிலை சைக்கிள் சில்லுச் சுத்தினால் சத்தம் வந்தது, இது சும்மா சுத்துது” என்று கூறி எழுந்துவிட்டார்.

தமையனார் மேல்நாட்டு விலைப்பட்டியல்களைப் படித்து மயங்கியிருந்தார். மோட்டார் வண்டியையே வீடாக்கி ஊர் சுற்றுவது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருவழக்கு. அவ்வண்டிகளுக்கென மூன்று வகை ஏற்பாடுகள் உண்டு. முதலாவது, முக்காலியில் வைத்துக் கையாலே திருப்பும் தட்டு. இரண்டாவது, கூரையிலே பொருத்தப்பட்டு, வண்டி நின்றதும் தானாகவே எழுந்து செய்மதியைத் தேடிக்கொள்ளும் தட்டு. மூன்றாவது, கவிழ்த்த பானை போன்ற கூண்டுக்குள் இருந்துகொண்டு, வண்டி ஓடும்போதே செய்மதியை விடாது பின்தொடரும் தட்டு. மூன்றாவதே வேண்டும் என்றார் தமையனார். அதனை வருவிப்பதற்குப் பல இலட்சம் ரூபா செல்லும். “அம்மாவுக்குத்தானே” என்பது அவருடைய வாதம். அதற்கு மறுமொழி கூறுதல் எளிதன்று.

நாம் கல்லூரியிலே புவியியல் கற்பிப்பவர். எமது கையிலிருந்த கருவி அதுவொன்றே, அதனைக்கொண்டு பேசினோம்.

செய்மதி நிற்பது பூமத்திய கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில். அவ்வுயரத்தில் சுற்றும் பொருள், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றுவதற்கு எடுக்கும் அதே நேரத்தில் தானும் ஒரு சுற்றை முடிப்பதால், எமது கண்ணுக்கு வானத்தில் அசையாது நிற்பதாகும். இத்தகைய செய்மதிகள் மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலி பரப்பலாம் என்று 1945 ஒக்டோபரில் வயர்லெஸ் வேர்ள்ட் என்னும் சஞ்சிகையில் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். அவர் 1956 இல் இந்நாட்டுக்கு வந்து குடியேறி, 2008 மார்ச் 19 ஆம் நாள் கொழும்பிலேயே காலமானார். 1975 இல் இந்தியா செய்மதி மூலம் ஏறக்குறைய 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டிப் பரிசோதித்தபோது, இந்தியப் பொறியியலாளர்கள் கொழும்பிலுள்ள கிளார்க்கின் வீட்டிலும் ஒரு வாங்கித் தட்டை அமைத்துக் கொடுத்தனர். இலங்கையிலே தொலைக்காட்சி நிலையம் தோன்றியது 1979 இல். நிலையம் தோன்றுமுன்னரே செய்மதித் தட்டு வந்துவிட்ட ஊர் எமது கொழும்பு!

இனி, தட்டை எங்கே திருப்புவது என்பது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பிரித்தானியர் பார்க்கும் செய்மதி 28 பாகை கிழக்கு நெடுங்கோட்டின் மேல் உள்ளது. அதனை ஸ்கொட்லாந்தின் வடமுனையிலிருந்து நோக்கினால் அடிவானத்திலிருந்து சுமார் 18 பாகை உயரத்தில் நிற்கும், இலண்டனிலிருந்து 25, ஸ்பெயினின் தென்கரையிலிருந்து 35. தட்டின் பார்வை இரண்டு பாகை பிசகினாலே படம் மறைந்துவிடும். ஆகவே வடக்கிலிருந்து தெற்கே ஓடும் மேல்நாட்டு வண்டிக்காரருக்குத் தானாகத் தேடும் கருவி பெரும் உதவிதான்.

எமக்கோ? எமது நாட்டுக் கட்டணச் சேவையொன்று பயன்படுத்தும் செய்மதி 45 பாகை கிழக்கு நெடுங்கோட்டின் மேல், அஃதாவது எமக்கு மேற்கே உள்ளது. கணக்கிட்டுப் பார்த்தோம். கொழும்பிலே அதன் உயரம் 49 பாகை, யாழ்ப்பாணத்திலே 48. திசையும் அவ்வாறே: கொழும்பில் நேர் மேற்கிலிருந்து தெற்குப் பக்கமாக 10 பாகை, யாழ்ப்பாணத்தில் 13 அல்லது 14. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை சென்றாலும் சாய்வுத் திருகாணியை மயிரிழைக்கு மேல் அசைக்க வேண்டியதில்லை. ஒருமுறை இறுக்கிவிட்டால், போகுமிடமெங்கும் திசையறி கருவியைப் பார்த்து மேற்கே திருப்புவதொன்றே வேலை. எமது நாடு சிறியது என்பதற்காக நாம் மகிழ்ந்த சந்தர்ப்பங்கள் குறைவு, அன்று மகிழ்ந்தோம்.

“ஓடேக்கை பார்க்க ஏலாதே?” என்றார் தமையனார். ஓடும்போது அன்னையார் உறங்குவார். அன்றியும், செய்தி இரவில்தான் என்று நினைவூட்டினோம்.

அடுத்தது மின்சாரம். வண்டிக்கென வாங்கிய 12 வோல்ற்றுத் தொலைக்காட்சியும் வாங்கிப் பெட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 45 வாற்று இழுப்பவை. 100 அம்பியர் மணித்தியாலப் பற்றறியொன்றின் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் பத்து மணித்தியாலத்துக்கு மேல் அவை ஓடும். எமது பழைய சைக்கிள் டைனமோ தந்தது 3 வாற்று. “அப்ப இதுக்குப் பதினைஞ்சு பேர் மிதிக்க வேணும்” என்று தமையனார் கூறிச் சிரித்தார். பிறகு திடீரென்று மௌனமானார். அந்த மிதி சுழன்றது தமக்காகவே என்பதை அவர் அப்போது நினைத்திருக்க வேண்டும். அதன் பின்னர் அவர் கூண்டைப் பற்றிப் பேசவில்லை.

இறுதியில் வாங்கியவை இவை: 75 சென்ரிமீற்றர்த் தட்டு ஒன்று, மடிக்கும் முக்காலி ஒன்று, 20 மீற்றர் வடம், சமிக்ஞையின் வலிமை காட்டும் சிறு மானி, திசையறி கருவி. கூண்டுக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பங்கே செலவாயிற்று.

வெள்ளவத்தைக் கடற்கரை வீதியிலே ஒரு மாலை வண்டியை நிறுத்திப் பழகினோம். மேற்கே கடல், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் அரை மணித்தியாலம் படம் வரவில்லை. காரணம் பின்னரே தெரிந்தது. இவ்வகைத் தட்டின் முகம் ஏறக்குறைய நேராக நிமிர்ந்து நிற்பது போலத் தோன்றினும், அதன் பார்வை முகத்துக்கு இருபது பாகைக்கு மேல் உயரத்தே செல்வதாகும். முகம் காட்டும் திசை ஒன்று, நோக்கும் திசை வேறு. மனிதரிலும் இத்தகையோர் உண்டல்லவா? அளவுகோலைப் பார்த்துச் சாய்வை இறுக்கிய பின்னர் பத்து நிமிடத்திற் படம் வந்தது. உடனே மழையும் வந்தது, படம் போயிற்று. இவ்வலைகளின் நீளம் இரண்டரைச் சென்ரிமீற்றர் அளவினது. பெருமழையின் துளிகள் அவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. தட்டு பெரிதாயின் மழையைச் சற்றுத் தாங்கும். கூண்டுக்குள் அடங்கும் தட்டுகள் பெரும்பாலும் சிறியவை என்பதையும் தமையனாருக்குச் சொல்லி வைத்தோம்.

ஆடி மாதத்தில், விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பட்டோம். அன்னையார் வவுனியா வரை உறங்கினார். அதன் பின்னர் யன்னற் சீலையை விலக்கிவிட்டு, ஆனையிறவு கடந்து பனைகள் தோன்றும்வரை ஒன்றும் பேசாது வெளியே பார்த்தவாறு படுத்திருந்தார்.

உரும்பிராய் வளவை உறவினர் ஒருவர் பார்த்து வருகின்றார். செம்மண் முற்றம், கிணறு, அதன் அப்பால் எமது தந்தையார் நட்ட மாமரம். அம்மரம் இப்போது வளவின் பாதியை மூடிவிட்டது. “மரத்துக்குக் கீழை விடு” என்றார் அன்னையார். தமையனார் வண்டியை அங்கேயே நிறுத்தினார். பின்கதவைத் திறந்துவிட்டதும் கட்டிலிற் படுத்தபடியே கிளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்விடத்தை விட்டு வண்டியை ஓரடியும் நகர்த்தக் கூடாது என்று கட்டளையிட்டார்.

இங்கேதான் எமது தெரிவு சோதனைக்கு உள்ளாயிற்று. மாமர இலையைத் துளைத்துக்கொண்டு செய்மதி அலை வாராது. கூரையிலே பொருத்திய தட்டாயின், அது எத்துணை விலையுயர்ந்ததாயினும், வண்டி நிற்கும் இடத்திலேயே அதுவும் நிற்கும். நிழல் வேண்டுமாயின் செய்தி இல்லை. செய்தி வேண்டுமாயின் நிழல் இல்லை. மேல்நாட்டார் வெயிலைத் தேடி வண்டியை நிறுத்துகின்றனர். நாம் நிழலைத் தேடி நிறுத்துகின்றோம். இந்த வேறுபாட்டை எந்த விலைப்பட்டியலும் எமக்குச் சொல்லவில்லை.

மருமகன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடியின் வெளிப்பக்கம் சென்றான். 20 மீற்றர் வடம் முற்றும் விரிந்தது. மேற்கு வானம் திறந்திருந்தது. ஆனால் அத்திசையிலிருந்தே சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. தட்டு இருமுறை சரிந்தது. “அந்த அம்மியைத் தூக்கி வையுங்கோ” என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. வேலியோரத்திற் கிடந்த பழைய அம்மியை நாமும் தமையனாருமாகத் தூக்கி முக்காலியின் அடியிலே சேர்த்துக் கட்டினோம். அன்னையார் எமக்கு அரைத்துக் கொடுத்த அம்மி அது. தட்டு பின்னர் அசையவில்லை.

இரவுச் செய்தி தொடங்கியது. கட்டிலின் ஓரத்திலே தமையனார், படியிலே நாம், கீழே பாயில் மருமகனும் பிள்ளைகளும். தலைப்புச் செய்திகள் முடிந்தன. அன்னையார் கண்ணைத் திரையிலிருந்து எடுத்து எம்மை ஒவ்வொருவராகப் பார்த்தார், எண்ணுவது போலிருந்தது.

“காணும், நிப்பாட்டு. எல்லாரும் இஞ்சைதானே நிக்கிறியள்” என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் செய்தியை இடையில் நிறுத்தச் சொன்னதை நாம் கேட்டதில்லை. மருமகன் நிறுத்தினான். மாமரத்திலே சோளகம் இரைந்துகொண்டிருந்தது. தமையனார் ஏதோ சொல்ல வாயெடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து கிணற்றடிக்குச் சென்றார்.

இத்துடன் அன்னையாரின் அச்சம் அகன்றது என்று எழுதினால் கதை அழகாக முடியும்; ஆனால் உண்மையாகாது. மறுநாள் மாலை ஆறு மணிக்கே, “தட்டைக் கட்டிப் போட்டியளோ?” என்று கேட்டார். “நேற்று வேண்டாமெண்டனீங்களே அம்மா” என்றோம். “அது நேற்று” என்றார். அன்று செய்தியை முற்றும் கேட்ட பின்னரே உறங்கினார். எட்டு நாள் அவ்வாறே சென்றது.

வாசகர்களில் எவரேனும் இத்தகைய வண்டியொன்றை அமைக்க எண்ணினால், எமது அனுபவத்தால் நாம் சொல்லக்கூடியது இதுவே. எந்தக் கருவி சிறந்தது என்று முதலிற் கேளாதீர்கள். யார் பார்க்கப் போகின்றார், எதற்காகப் பார்க்கின்றார், எங்கே படுத்திருந்து பார்க்க விரும்புகின்றார் என்று கேளுங்கள். அவற்றுக்கு விடை தெரிந்தால் தட்டின் அளவும் வடத்தின் நீளமும் தாமே தெரிந்துவிடும்.

முக்காலியும் வடமும் இப்போது கொட்டாஞ்சேனையில் தமையனார் வீட்டுக் களஞ்சிய அறையில் இருக்கின்றன. அம்மியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அடுத்த ஆடிக்கும் அது வேண்டியிருக்கும் என்று அன்னையார் சொல்லியிருக்கின்றார்.